சூடாக வந்த பேப்பர்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகம், பேத்தி குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறாள், உன் அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, இவ்வளவும் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான், எல்லாம் இப்படியே நீடிக்கட்டும். இங்கே நான் சுகம் என்று எழுதுவது முறை, முறைக்கு எழுதிவிட்டேன், அதில் பாதிதான் நிஜம். போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தை எடுத்தார் என்று யோசிப்பாய். நான் கூப்பிட்டால் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், நான் இருமினால் அங்கே நாலு பேருக்குக் கேட்கிறது, இதில் எதைப் பேசுவது? உன் அம்மாவோ போனில் மூன்றே கேள்வி. சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெச்சிடவா. நாலாவது கேள்வி கிடையாது. அதனால்தான் கடிதம். இதை நீ மட்டும் படி, அம்மா கண்ணில் படாமல் எங்கேயாவது வை.

போன வாரம் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து நீ குரலைத் தாழ்த்திக் கேட்டாயே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பிரசவத்துக்கு உதவியாக மூன்று மாதம் என்று வந்தவள், ஐந்து மாதமாகிவிட்டது, அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி டிக்கெட்டை ரத்து பண்ணிவிடலாமா என்று அம்மாவே கேட்டாள் என்றாய். ஏம்மா என்று நீ கேட்டதற்கு, அங்க போய் என்ன பண்ணப் போறேன், வாயத் திறந்து பேசக்கூட ஆளில்ல என்று சொன்னாளாம். நீங்க என்னப்பா சொல்றீங்க என்றாய். உங்க இஷ்டம் என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். வைத்த கையோடு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பேச ஆளில்லையாம். நான் என்ன சுவரா? காலையில் எழுந்ததிலிருந்து இந்த வீட்டில் என் குரல்தானே கேட்டுக்கொண்டிருந்தது? அந்தக் கோபத்தில் இரண்டு நாள் டீயில் சர்க்கரை போட மறந்து அப்படியே குடித்தேன். இப்போதும் கோபம்தான், ஆனால் ஆள் மாறிவிட்டது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், முன்னே பின்னே பாய்ந்தால் உனக்கும் புரியாது, எனக்கும் ஆறாது.

என் குறுக்கெழுத்தைப் பற்றி உனக்கே தெரியும். காலை ஏழு மணி, சாப்பாட்டு மேஜை, டீ, நீல மை பேனா, பேப்பரின் கடைசிப் பக்கத்துக் கீழ் மூலை. பென்சிலால் கட்டத்தை நிரப்புகிறவன் கோழை என்பது என் கொள்கை. லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக முப்பத்தோரு வருடம் ஓடியாடிய காலத்திலும் ஏழே முக்காலுக்குள் கட்டத்தை முடித்துவிட்டுத்தான் ஷூவை மாட்டுவேன். தெருமுனை சலூன்காரர் என்னைக் கட்டம் சார் என்றுதான் கூப்பிடுவார். ஆறு வருடம் முன்பு ஒரு மாதம் முழுக்கத் தப்பில்லாமல் விடை அனுப்பினேன் என்று பத்திரிகை ஆபீஸிலிருந்து ஒரு ஃப்ளாஸ்க் வந்தது, என் பெயரும் அச்சில் வந்தது, அந்தப் பக்கத்தை நீ ஃப்ரேம் போட்டுக் கொடுத்தாய். அப்பேர்ப்பட்ட நான் ஆறரை மாதமாக ஒரு கட்டத்தைக்கூட முழுசாக முடிக்கவில்லை. முடிக்கவில்லை என்று கௌரவமாகச் சொல்கிறேன், உண்மையில் நாலு விடைக்கு மேல் தாண்டுவதே இல்லை. நான் முட்டாளாகிவிட்டேனோ, மூளையில் ஏதாவது அடைப்போ என்று டாக்டரிடம்கூடப் போனேன், உன்னிடம் சொல்லவில்லை. அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வயசுக்கு நல்லாத்தான் இருக்கீங்க, வாக்கிங் போங்க என்றார். வாக்கிங் போனால் கட்டம் நிரம்புமா?

குறிப்புகளைப் பார்த்தால் உனக்கே எரிச்சல் வரும். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று போனாலும் பரவாயில்லை, வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நாலு பக்கமும் இழுத்தடிக்கிறார்கள். "படிப்பின் வாலை வெட்டினால் காலில் இடிக்கும், இரண்டு எழுத்து." படிப்புக்கு எங்கே வால் இருக்கிறது? அரை மணி நேரம் அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விடை, கல். அப்போதும் புரியவில்லை. மாடிப்படி ஏறும்போது திடீரென்று உறைத்தது, படிப்பு என்றால் கல்வி, கடைசி எழுத்தை எடுத்தால் கல். அடப்பாவிகளா என்று படியிலேயே நின்று சத்தமாகச் சொல்லிவிட்டேன், எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்ன சார் ஆச்சு என்றார். இன்னொரு நாள் சலூனில். "வெட்ட வெட்ட வளரும், வெட்டியவருக்கே கூலியும் தரும்." இரண்டு எழுத்து, கடைசி எழுத்து டி. சலூன்காரர் என் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, கட்டம் சார், இது என்ன சார் என்று பேப்பரை நீட்டினார். செடி என்றேன், தோட்டக்காரருக்குக் கூலி தருகிறோமே என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் என்னையே பார்த்தார். சார், முடியா இருக்குமோ என்று மெதுவாகக் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் சிரித்த சிரிப்பு! அன்றைக்குப் பாதித் தலையோடு எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது.

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்பான். நானும் அதைத்தான் செய்தேன். கட்டம் போடுகிற ஆளை மாற்றிவிட்டார்கள், புது ஆளுக்குக் குறிப்பு எழுதத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, பத்திரிகை ஆபீஸுக்கு நாலு பக்கம் எழுதிப்போட்டேன். எந்தத் தேதியில் எந்தக் குறிப்பு மோசம் என்று எண் போட்டு எழுதினேன், கடைசியில் பழைய ஆளையே திரும்ப அமர்த்தவும் என்று கேட்டுக்கொண்டேன். அது போதாதென்று பேப்பர் போடுகிறவரிடமும் சண்டை. முன்பெல்லாம் நம் வீட்டுப் பேப்பர் எப்படி இருக்கும்? மடிப்புக் கலையாமல், சுருக்கமே இல்லாமல், தொட்டால் லேசாகச் சூடாக இருக்கும். அச்சிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வருவதால்தான் அந்தச் சூடு என்று நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்கு விளக்கியிருக்கிறேன், நீயும் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாய். இந்த ஐந்து மாதமாகக் கசங்கி, மூலை மடங்கி, சில்லென்று கிடக்கிறது. அவரைப் படியிலேயே பிடித்து நிறுத்திக் கேட்டேன். அவர் ஒன்றும் விளங்காமல், சார், பதினாறு வருஷமா இதே மாதிரிதான் தூக்கிப் போட்டுட்டுப் போறேன், பேப்பர் எப்படி சார் சூடா இருக்கும், என்ன இட்டுக்கட்டிப் பேசுறீங்க என்றார். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். பாவம் அந்த மனிதர்.

பத்து நாள் முன்பு பத்திரிகை ஆபீஸிலிருந்து ஒரு கார்டு வந்தது. எங்கள் கட்டங்களை அமைப்பவர் பதினோரு வருடமாக ஒருவரேதான், குறிப்புகள் எப்போதும் போலவே உள்ளன, தொடர்ந்து முயலுங்கள், வாழ்த்துகள். அந்த வாழ்த்துகள்தான் என்னை அதிகமாகக் கடித்தது. ஆனால் பதினோரு வருடம் ஒரே ஆள் என்றால் கோளாறு அங்கே இல்லை. லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் நான் உடனே ஸ்பானரைத் தூக்குகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். முதலில் இரண்டு கேள்வி கேட்பேன். எப்பலேர்ந்து நிக்குது? அதுக்கு முன்னாடி யாரு எதத் தொட்டாங்க? அன்றாடக் கட்டங்களை எல்லாம் வெட்டி ஃபைலில் வைத்திருக்கிறேன் அல்லவா, அதை எடுத்துத் தேதி பார்த்தேன். ஒரு சனிக்கிழமை வரைக்கும் எல்லாக் கட்டமும் முழுசு. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓட்டை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை, மெயின் ஸ்விட்சை அணைத்த மாதிரி ஒரே நாளில் நின்றிருக்கிறது. உன் அம்மா ஊருக்குக் கிளம்பியது அதற்கு நாற்பத்தோரு நாள் கழித்து. பேப்பர் கசங்கியது அவள் கிளம்பிய பிறகு. ஆக இரண்டு கோளாறு, இரண்டு தேதி. அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பார்த்துக்கொள், எனக்கு ஞாபகமே வரவில்லை.

முந்தாநாள் மூன்றாம் மாடி நர்ஸம்மா வந்தார். டூட்டிக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டுக்கு அளவு வேண்டுமாம், அம்மா எப்ப வருவாங்கன்னு தெரியல, வேற இடத்துல தைக்கக் குடுக்கிறேன், அளவு நோட்டுல என் அளவு இருக்கும், பார்த்துச் சொல்லுங்க சார் என்றார். உன் அம்மாவின் தையல் மிஷின் மேஜை அவள் வைத்துவிட்டுப் போனபடியே இருந்தது, நான் தொடவில்லை. இழுப்பறையில் அந்த நீல அட்டை நோட்டை எடுத்துப் பிரித்தேன். பக்கத்தின் மேல்பாதியில் தோள் இவ்வளவு, கை நீளம் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று யார் யாருக்கோ அளவு. கீழ்ப்பாதியில் தேதி போட்டு எண்களும் வார்த்தைகளும். முதலில் துணிக்கடையில் வாங்க வேண்டிய சாமான் என்று நினைத்தேன். நாலு, ஊசி, பெட்டியைத் தள்ளச் சொல்லணும். ஒன்பது, பொத்தான், நர்ஸம்மா கோட்டு பத்திப் பேசணும். பதினொன்று, வேர்வை, ஃபேனைக் கூட்டச் சொல்லணும். பதின்மூன்று, கப்பி, அவருக்கே வரும். கப்பி நான் கட்டத்தில் எழுதிய விடை ஆயிற்றே! ஃபைலில் அந்தத் தேதிக் கட்டத்தைத் தேடி எடுத்தேன். நாலாவது குறிப்பு, "காது உண்டு, கேட்காது." என் கையெழுத்தில், நீல மையில், ஊசி. அடுத்தடுத்து எல்லாம் அதேபடி, ஒன்று பாக்கியில்லை.

உன் அம்மா வேலை செய்கிற விதம் உனக்குத் தெரியும். நான் மேஜையில் உட்கார்ந்து குறிப்பைச் சத்தமாகப் படிப்பேன், அவள் எதிரே மிஷினில், வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு துணிக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருப்பாள். நான் கஷ்டமான குறிப்பில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சமயம் பார்த்துத்தான் அவளுக்கு ஏதாவது பேச வேண்டும். அந்த ஊசிப் பெட்டிய இப்படித் தள்ளுங்க. வேர்க்குது, ஃபேனைக் கொஞ்சம் கூட்டுங்க. நர்ஸம்மா கோட்டுல ஒரு பொத்தான் குறையுது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷன் யோசிக்கிற நேரத்துலதான் உனக்கு ஊசிப் பெட்டி வேணுமா என்று எரிந்து விழுவேன், விழுந்த மறுநிமிஷம் விடை பளிச்சென்று தோன்றும், எழுதுவேன், பார்த்தியா, நீ எவ்வளவு குழப்பினாலும் என் மூளை ஓடுது என்று அவளிடமே பெருமை பேசுவேன். ம் என்பாள், வாயில் குண்டூசி. இதுதான் வருடக்கணக்காக நடந்திருக்கிறது. கயிறு, கப்பி, மின்சாரம், சங்கிலி என்று என் தொழிலை ஒட்டி வருகிறதற்கு மட்டும் நோட்டில் அவருக்கே வரும் என்று எழுதி விட்டிருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், நாளுக்கு மூன்று, மிஞ்சிப் போனால் நாலு. இந்த ஆறரை மாதமாக நான் தாண்டாத அதே நாலு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் பற்றிக் கேட்டிருக்கிறேன், இவள் ஒரு லாரி பூசணிக்காயை மறைத்திருக்கிறாள்.

நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரிஞ்சுபோச்சா சார் என்றார். அவருக்கும் தெரியுமாம்! விடியற்காலை ஐந்தரைக்கு அவர் டூட்டிக்கு இறங்கும்போது நம் வீட்டு விளக்கு எரியுமாம், கதவும் திறந்திருக்குமாம். அம்மா பேப்பரைப் பிரித்துவைத்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாளாம், முடித்ததும் இஸ்திரிப் பெட்டியால் பேப்பரை ஒரு தேய்ப்பு தேய்த்து, பழைய மடிப்பிலேயே மடித்து வாசலில் வைத்துவிடுவாளாம். அவருக்கு யாராவது முதல்ல பிரிச்ச பேப்பர் பிடிக்காது என்று சொல்லிச் சிரிப்பாளாம். சூடான பேப்பர்! அச்சிலிருந்து நேராக வந்தது! ஊருக்கெல்லாம் சொன்னேனே, உன் பள்ளிக்கூடத்து டீச்சர் வரைக்கும் போனதே. எனக்கு வந்த ஆத்திரத்தில் நர்ஸம்மாவிடம், ஏம்மா, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். அவர் நோட்டைப் பார்த்துத் தன் அளவை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு, சொல்லியிருப்பேன் சார், அந்த ஞாயித்துக்கிழமை நீங்க பேசினதுக்கப்புறம் எனக்கு உங்ககிட்டப் பேசவே பிடிக்கல என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை. அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நர்ஸம்மா அளவு கொடுக்க நின்றுகொண்டிருக்கிறார், ஞாயிறு என்பதால் பெரிய கட்டம், நான் ஒரு குறிப்பில் திணறுகிறேன், உன் அம்மா வாயில் குண்டூசியோடு, குடையை ரிப்பேருக்குக் குடுக்கணும் என்கிறாள். நான் பேனாவை மேஜையில் அடித்துவிட்டு, உனக்கு இதெல்லாம் என்ன தெரியும், வாயிலதான் குண்டூசி இருக்கில்ல, அதோட கம்முனு கிட, இனிமே நான் கட்டம் முடிக்கிற வரைக்கும் உன் குரலே கேக்கக் கூடாது என்று கத்தினேன். வெளி மனுஷி ஒருத்தர் கையைத் தூக்கி அளவு கொடுத்தபடி நிற்கிற நேரத்தில். உன் அம்மா குண்டூசிகளை வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி குத்தி வைக்கிற பஞ்சுப் பந்தில் குத்தினாள். சரி என்றாள். அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் அந்த விடை குடைதான் என்று நேற்று நோட்டையும் ஃபைலையும் சேர்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அந்த இடம் இன்றுவரை காலி. அவளிடம் சொன்னதை நான் அன்றைக்கு மத்தியானமே மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை, நான் சொன்னதை ஒரு எழுத்து மீறாமல் கேட்டாள். அதற்கப்புறம் காலையில் ஊசிப் பெட்டி இல்லை, ஃபேன் இல்லை, கோட்டு இல்லை. அப்பாடா, நிம்மதி என்று நான் வாய்விட்டுச் சொன்ன ஞாபகமும் இருக்கிறது. என்னை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை, நீயே நாலு வார்த்தை தேடிவை.

நர்ஸம்மா போன பிறகு உட்கார்ந்து மிச்சப் பக்கங்களைப் பார்த்தேன். நாற்பது நாளும் எழுதியிருக்கிறாள். பேப்பரும் சூடாகத்தான் வந்தது. எல்லா எண்ணுக்கும் விடை இருக்கிறது, ஆனால் பக்கத்தில் என்ன பேச வேண்டும் என்பது மட்டும் இல்லை. நான் எதிரே உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது முழு விடையும் நாலடி தூரத்து இழுப்பறைக்குள் இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கிற பழக்கம் எனக்கு எங்கே? நாற்பத்தோராம் நாள், உன் ஊருக்குக் கிளம்பிய அன்று, பெட்டி கட்டுகிற அவசரத்திலும் தேதி போட்டிருக்கிறாள். விடை ஒன்றுகூட எழுதவில்லை. எல்லாம் அவருக்கே வரும் என்று ஒரே வரி. அது நக்கலா, நம்பிக்கையா, இனி எப்படியோ போகட்டும் என்று கையைக் கழுவியதா, எத்தனை முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அன்றைய கட்டத்தை எடுத்துப் பார்த்தேன், வழக்கம்போல் நாலு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ பத்தாவது படிக்கும்போது காலையில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாய், நான் விடை கண்டுபிடித்துக் குதிக்கிறபோதெல்லாம் உனக்குப் புரையேறும். உனக்கும் தெரியுமா? தெரியும் என்றால் சொல்லிவிடு, திட்ட மாட்டேன். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது என்றால் அதையும் தெரிந்துகொண்டுவிடுகிறேன். ஃப்ரேம் போட்ட அந்தப் பக்கத்தை நேற்றுச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். பத்திரிகை ஆபீஸுக்கும் இன்னொரு கடிதம் போட்டாயிற்று, இந்தத் தடவை அரைப் பக்கம்தான். கட்டம் அமைக்கிறவரிடம் மன்னிப்பு, ஃப்ளாஸ்க் உண்மையில் யாருக்குச் சேர வேண்டியது என்று உன் அம்மாவின் முழுப்பெயர். அச்சில் போடுவார்களோ மாட்டார்களோ. பேப்பர் போடுகிறவரிடம் காலையில் படியில் நின்று தப்பு என் மேல்தான் என்றேன், அவர் என்னைவிட அதிகமாகக் கூச்சப்பட்டார்.

இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும்போது என் எண்ணம் வேறு. டிக்கெட்டை ரத்து பண்ணாதே என்று நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் உன்னை வைத்து ஒரு வேலை செய்யலாம் என்று நினைத்தேன். அம்மா எனக்குச் செய்த மாதிரியே நீ அம்மாவுக்குச் செய், அவள் குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருக்கும்போது, அப்பா பழைய குடைய வெச்சுக்கிட்டு நனையறாராம், நர்ஸம்மா கோட்டு தைக்க ஆள் தேடறாங்களாம் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டு வை, வர வேண்டும் என்ற விடை அவளுக்கே தோன்றின மாதிரி இருக்கட்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இவ்வளவும் எழுதி முடித்து டீ போட்டுக் குடித்துவிட்டு யோசித்தால், அது தப்பு. நேராகச் சொன்னால் எனக்குக் காதில் ஏறாது என்றுதான் அவள் அப்படிச் சுற்றிச் சுற்றிப் பேசினாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவளிடம் எனக்கு எதற்கு இந்தச் சாமர்த்தியம்?

அதனால் நீ மட்டும் படி என்று முதல் பக்கத்தில் எழுதியதை அடித்துவிடு. இந்தக் கடிதத்தை அம்மா கையிலேயே கொடு, நீ பக்கத்தில் நிற்காதே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போ. அப்பா உங்க இஷ்டம் என்று சொன்னது பொய், டிக்கெட்டை ரத்து பண்ண வேண்டாம் என்றுதான் சொல்கிறார் என்று சொல். வந்து பழையபடி மிஷினில் உட்கார்ந்து ஊசிப் பெட்டியைத் தள்ளச் சொல்ல வேண்டாம், மேஜையில் எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன், பேனா அவள் கையில் இருக்கட்டும், குறிப்பை நான் படிக்கிறேன், கப்பி வந்தால் மட்டும் சொல்கிறேன். இவ்வளவுக்கும் பிறகு அவளுக்கு அங்கேயே இருக்கத் தோன்றினால் இருக்கட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் பேச ஆளில்லை என்ற காரணத்துக்காக இருக்க வேண்டாம். வீடு பேசாமல் கிடப்பது எனக்கும் பிடிக்கவில்லை. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை, கட்டத்தை மட்டும் சொல்லவில்லை.

நீ குனிந்து குழந்தையைத் தூக்காதே, உட்கார்ந்து தூக்கு, இடுப்பு பிறகு பேசும். உங்கள் லிஃப்ட் இரண்டாம் மாடியில் குலுங்குகிறது என்றாயே, பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டுக் கதவு லாக்கைப் பார்க்கச் சொல், அதுவரைக்கும் அம்மா முட்டிவலியோடு படியேறினாலும் பரவாயில்லை என்று நினைக்காதே, லிஃப்டிலேயே அவளோடு கூட ஒருத்தர் போங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்தியின் உச்சியில் என் பங்குக்கு ஒரு முத்தம் கொடு. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், வாய்விட்டுப் பேசிச் சிரித்து, நீடூழி வாழ வேண்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. எல்லாம் அவருக்கே வரும் என்று எழுதிய நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல். நர்ஸம்மா தயவில் கொஞ்சம், அவள் நோட்டின் தயவில் மிச்சம், ஆறரை மாதம் தாமதம், ஆனாலும் வந்துவிட்டது என்று சொல்.

இப்படிக்கு,
காது இருந்தும் கேட்காத
உன் அப்பா